வேம்பு வழக்கின் கெடு நாட்கள்

நான் வக்காலத்துப் போடாத வழக்கு இது. அது நடந்த மியூனிக் நகரத்துக்கு நான் போனதும் இல்லை. ஆனாலும், மறக்க முடியாத வழக்கு எது என்று யாராவது கேட்டால், நான் ஜெயித்தவற்றையும் தோற்றவற்றையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. ஐரோப்பியக் காப்புரிமை எண் 0436257. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை. பத்திரிகைகள் அதை ‘வேம்பு வழக்கு’ என்று எழுதின. வக்கீலாக அதைப் படித்தபோது என் கண்ணில் பட்டவை வாதங்கள். காயல்பட்டினத்தில் குமாஸ்தா வேலை பழகும் பெண்களுக்கு அதையே பாடமாக நடத்தியபோது கண்ணில் பட்டவை தேதிகள். இரண்டாவது வாசிப்புதான் சரியான வாசிப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

காயல்பட்டினத்தை அறியாதவர்களுக்கு ஒரு செய்தி. இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆண்கள் சென்னை மண்ணடிக்கும் கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் வியாபாரத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். முத்து விற்ற காலத்திலிருந்து அப்படித்தான். பெண்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களுடைய படிப்பு இப்போது பட்டம், மேற்பட்டம் என்று வளர்ந்துவிட்டது. அதற்கேற்ற வேலைதான் ஊருக்குள் அதிகமில்லை. சென்னையில் காப்புரிமைப் பணி பார்க்கும் அலுவலகம் ஒன்று, ஐரோப்பிய வக்கீல்களின் கோப்புகளைக் கவனிக்க இவர்களில் சிலரை வீட்டிலிருந்தே வேலை பார்க்க எடுத்தது. வேதியியல் படித்தவர், கணினி படித்தவர், ஆங்கில இலக்கியம் படித்தவர் என்று எல்லாரும் கலந்த வகுப்பு. விண்ணப்பம் போடுவது, கட்டணம் கட்டுவது வரை அவர்களுக்கு அத்துபடி. காப்புரிமை வழங்கிய பிறகு வரும் எதிர்ப்பையும் மேல்முறையீட்டையும் சொல்லிக்கொடுக்க, ஊர்க்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஐரோப்பாவில் இந்த வேலைக்குத் தனி மரியாதை உண்டு. காப்புரிமை நிர்வாகப் பணியாளர்களுக்கென்றே ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2022-ல் ஒரு சான்றிதழ்த் தேர்வைத் தொடங்கியது. நம் நீதிமன்ற வளாகங்களில் குமாஸ்தா இல்லாமல் ஒரு கட்டு நகராது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஒரு பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பாடத்தைச் சட்டப் பிரிவுகளிலிருந்து தொடங்கியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அதனால் வழக்கிலிருந்து தொடங்கினேன். அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் 1989 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போட்டன. அதன் முன்னுரிமைத் தேதியைப் பற்றிக்கொண்டு 1990 டிசம்பரில் ஐரோப்பாவில் விண்ணப்பித்தன. 1994 செப்டம்பர் 14 அன்று காப்புரிமை வழங்கிய அறிவிப்பு ஐரோப்பியக் காப்புரிமை இதழில் வெளியானது. இதுவரைதான் சொன்னேன். பிறகு கேட்டேன்: “நீங்கள் எதிர்ப்புத் தெரிவிக்க விரும்பும் ஆளின் குமாஸ்தா. டைரியில் என்ன எழுதுவீர்கள்?”

சட்டம் கொடுப்பது ஒன்பது மாதம். அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கணக்கு. எல்லாரும் 1995 ஜூன் 14 என்று சரியாகச் சொன்னார்கள். அது என்ன கிழமை என்று கேட்டேன். கைப்பேசியில் தேடி, புதன்கிழமை என்றார்கள். மறுநாள் வியாழன்? அங்கேதான் வகுப்பு நின்றது. 1995-ல் ஜூன் 15 கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பெருவிழா. மியூனிக் அடங்கிய பவேரியாவில் விடுமுறை. கெடு ஒரு நாள் தள்ளி விழுந்திருந்தால், அலுவலகம் மூடியிருந்த காரணத்தால் அது வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்திருக்கும். மியூனிக், தி ஹேக், பெர்லின் ஆகிய மூன்று தாக்கல் அலுவலகங்களில் எது ஒன்று மூடியிருந்தாலும் கெடு அடுத்த வேலை நாளுக்குப் போகும் என்பது விதி. ஆனால் புதன்கிழமை அலுவலகம் திறந்திருந்தது. ஆகவே புதன்தான் கெடு.

இந்த விஷயத்தில் காயல்பட்டினத்துப் பெண்களுக்கு நான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கவில்லை. ஹிஜ்ரி ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்று இரண்டு நாட்காட்டிகளில் வாழ்கிற ஊர். பிறை தெரிந்ததா இல்லையா என்பதில் தெருவுக்கு ஒரு கருத்து இருக்கும். ஒரே ஊரில் பெருநாள் வேறு வேறு நாளில் வந்ததும் உண்டு. ஒரு தேதி எந்த அதிகாரத்தின் கணக்குப்படி தேதியாகிறது என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. சென்னையில் இதே பாடத்தை நடத்தியபோது, கடைசி நாள் என்றால் கடைசி நாள், இதில் மியூனிக் விடுமுறை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள்.

எதிர்ப்பு 1995 ஜூனில்தான் தாக்கலானது. கெடு முடிகிற அதே மாதம். கொடுத்தவர்கள் மூன்று தரப்பு. ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் குழுவைச் சேர்ந்த பெல்ஜியத்து மாக்டா ஆல்வூட், நம் நாட்டுச் சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவா, சர்வதேச இயற்கை வேளாண்மை இயக்கங்களின் கூட்டமைப்பு. இந்திய அரசு வழக்குப் போட்டு ஜெயித்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். எதிர்ப்பு மனுவில் இருந்தவர்கள் இவர்கள்தான். இவர்களுக்காக வாதாடியவர் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் டோல்டர்.

மனு மட்டும் போனால் போதாது. எதிர்ப்புக் கட்டணமும் அந்த ஒன்பது மாதத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் எதிர்ப்பே தாக்கலாகவில்லை என்று பொருள். எந்தக் காரணத்தின் அடிப்படையில், எந்தச் சான்றுகளைக் கொண்டு எதிர்க்கிறோம் என்பதையும் அதே கெடுவுக்குள் எழுதியிருக்க வேண்டும். நம் ஊரில் முதலில் ஒரு மனுவைப் போட்டுவிட்டு, ‘மேலும் காரணங்கள் பின்னர் சமர்ப்பிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடும் பழக்கம் உண்டு. அந்த வரி அங்கே செல்லாது. அதைவிடக் கொடுமை, ஒன்பது மாதத்தைத் தவறவிட்ட எதிர்ப்பாளருக்கு மன்னிப்புக் கேட்கும் வழியே இல்லை. காப்புரிமை வைத்திருப்பவருக்குச் சில கெடுக்களில் அந்த வழி உண்டு. எதிர்ப்பாளருக்கு இதில் கிடையாது. தவறவிட்டால், அந்தக் காலத்தில், ஒவ்வொரு நாட்டு நீதிமன்றமாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

சான்று என்ற சொல்லை எடுத்ததும் வகுப்பு சூடாகிவிட்டது. எனக்கு உறவுமுறையில் மருமகள் ஆகிற ஒரு பெண், “இதுல சான்றுக்கு என்ன பஞ்சம் மாமா? ஆத்தூர்க் கொடிக்கால்ல வேப்பெண்ணெய் அடிக்காத ஆளு உண்டா? எங்க உம்மாவோட உம்மா எல்லாத்துக்கும் வேப்பெண்ணெய்தானே” என்றாள். ஆத்தூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. நான் கேட்டேன்: “எந்த வருஷம்? எந்த வயல்? எண்ணெயோடு எதைக் கலந்தார்கள்? எந்த நோய்க்கு அடித்தார்கள்? பக்கத்தில் நின்று யார் பார்த்தார்கள்? அவரை மியூனிக்குக் கூட்டிக்கொண்டு போனால் குறுக்கு விசாரணையில் நிற்பாரா?” அவள் முறைத்தாள். நியாயமான முறைப்புதான்.

ஐரோப்பியச் சட்டத்தில் புதுமை என்பதற்கு அளவுகோல் அகலமானது. எழுத்திலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ வேறு எந்த வழியிலோ, உலகத்தின் எந்த மூலையிலும், விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுமக்களுக்குத் தெரியவந்த எதுவும் புதுமையைக் கெடுக்கும். வெற்றிலைக் கொடிக்காலும் அதில் அடங்கும். ஆனால் பயன்பாட்டைச் சான்றாக வைத்தால் எப்போது, எது, எந்தச் சூழ்நிலையில் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். சான்று முழுவதும் எதிர்ப்பாளரின் கைக்குள் மட்டுமே இருக்கிற விஷயமானால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்று டி 472/92 என்ற வழக்கில் மேல்முறையீட்டு வாரியம் சொன்னது. கதவு அகலம், காவல் கடுமை.

அடுத்து காப்புரிமையின் முதல் கோரிக்கையைப் பலகையில் எழுதினேன். நீரை ஒட்டாத கரைப்பானால் எடுத்த, அசாடிராக்டின் ஏறக்குறைய இல்லாத வேப்பெண்ணெய் 0.1 முதல் 10 சதவீதம். பால்மமாக்கும் பொருள் 0.005 முதல் 5 சதவீதம். தண்ணீர் 0 முதல் 99 சதவீதம். இந்தக் கலவையைப் பூஞ்சையின் மேல் படச் செய்வது. வேதியியல் படித்த பெண் இரண்டாவது வரியைக் காட்டி, “இது சோப்புத் தண்ணிதானே சார்?” என்றாள். ஆமாம். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்கச் சோப்புக் கரைசல் சேர்ப்பது நம் விவசாயிக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமில்லை. எதிர்ப்பை விசாரித்த, ஐரோப்பிய அலுவலகத்தின் எதிர்ப்புப் பிரிவும் ஏறக்குறைய அந்த முடிவுக்குத்தான் வந்தது. பால்மமாக்கும் பொருளைச் சேர்ப்பது துறை தெரிந்தவருக்கு வழக்கமான வேலை, அதில் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்றது.

ஆனால் அந்த முடிவுக்கு வர ஒரு தேதி தேவைப்பட்டது. இந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், ஒவ்வொரு முறையும் இங்கே அதிக நேரம் நின்றுவிடுகிறேன். வேப்பங்கொட்டையிலிருந்து பயிர்ப் பாதுகாப்புப் பொருள் தயாரித்த அபய் ஃபட்கே என்ற இந்தியத் தொழில்முனைவோர் சாட்சியாக வந்தார். 1985, 1986 கோடைக்காலங்களில் மகாராஷ்டிரத்தின் புனே, சாங்லி மாவட்டங்களில் விவசாயிகளின் வயல்களில் நடந்த சோதனைகளைப் பற்றிச் சொன்னார். கோரிக்கையில் இருந்த அம்சங்கள் 1989-க்கு முன்பே அந்த வயல்களில் பொதுமக்களுக்குத் தெரியவந்துவிட்டன என்று எதிர்ப்புப் பிரிவு ஏற்றுக்கொண்டது. 2000 மே 10 அன்று காப்புரிமையை ரத்துசெய்தது.

பாரம்பரிய அறிவைத் திருடியது நெறிக்கு விரோதம் என்றும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டார்கள். உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது அந்த வாதம். காப்புரிமையைச் சாய்த்தது அது இல்லை. 2,000 ஆண்டுப் பழக்கம் என்று மேடைகளில் சொல்லப்பட்டதைவிட, ஊர் பெயரும் வருடமும் ஆளும் உள்ள இரண்டு கோடைக்காலங்கள் அந்த அறையில் கனம் கூடியவையாக இருந்தன. இதைச் சொன்னதும் சிலருக்கு வருத்தம். நம் உம்மாமார்களின் கைப்பழக்கத்துக்கு மதிப்பே இல்லையா என்ற கேள்வி. மதிப்பு உண்டு, ஆனால் எழுதி வைத்தால். யாராவது ஒரு குமாஸ்தா அந்த வயல் சோதனையின் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, சாட்சியின் பயணத்துக்கு ஏற்பாடு செய்து, விசாரணை அறிவிப்பில் இருந்த கடைசி நாளுக்குள் அனைத்தையும் அனுப்பியிருக்க வேண்டும். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வந்ததில்லை.

மஞ்சள் வழக்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவில் மஞ்சள் பொடியால் காயத்தை ஆற்றும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மறுபரிசீலனை கேட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டுப் பயன்பாடு எடுபடாது. அச்சிட்ட ஆவணம்தான் வேண்டும். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை அங்கே காட்ட முடியாது. மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் தேடி எடுத்து 32 ஆவணங்களை வைத்தது. 1997-ல் அந்தக் காப்புரிமை போனது. அங்கே நூலகம் ஜெயித்தது. மியூனிக்கில் ஒரு சாட்சி ஜெயித்தார். எந்த அலுவலகத்தில் எந்தச் சான்று செல்லும் என்று முதலில் பார்க்கும் பழக்கம் இல்லாத குமாஸ்தா, தவறான பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார். அமெரிக்காவும் 2013-ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் இப்போது உலகப் பயன்பாட்டை ஏற்கிறது.

இனி மேல்முறையீடு. 2000 மே 10-ல் ரத்து என்று அறையிலேயே அறிவித்துவிட்டார்கள். மேல்முறையீட்டு எண்ணைப் பாருங்கள்: டி 416/01. கடைசியில் இருக்கும் 01 என்பது 2001. ஏன் ஒரு வருடம் தள்ளிப்போனது என்று கேட்டேன். காப்புரிமைதாரர் தூங்கிவிட்டாரா? கணினி படித்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுத்துல வந்ததுக்கு அப்புறம்தான் கடிகாரம் ஓடும்போல” என்றாள். அதேதான். வாய்மொழி அறிவிப்பு கடிகாரத்தை ஓட்டாது. காரணங்களோடு கூடிய எழுத்து முடிவு கிடைத்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பும் கட்டணமும். நான்கு மாதத்துக்குள் காரண விளக்கம். இந்த நான்கு மாதமும் அதே முதல் தேதியிலிருந்துதான். இரண்டு மாதம் முடிந்த பிறகு நான்கு என்று கூட்டி எழுதுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. பலகையில் இரண்டு கோடுகளையும் ஒரே புள்ளியிலிருந்து இழுத்துக் காட்டினால்தான் மனதில் நிற்கிறது.

முத்துச் சலாபக் காலத்தில் எங்கள் கடற்கரை வியாபாரிகள் பித்தளையில் துளையிட்ட ‘பெட்டி’ என்ற சல்லடைகளை வைத்திருந்தார்கள். ஒளியும் உருட்டும் பார்ப்பதற்கு முன்னால் முத்து எந்தத் துளையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். மேல்முறையீட்டு வாரியமும் அப்படித்தான். வாதம் எவ்வளவு ஒளிர்ந்தாலும் முதலில் சல்லடை: அறிவிப்பு காலத்தில் வந்ததா, கட்டணம் வந்ததா, கையெழுத்துப் போட்டவருக்கு அதிகாரம் உண்டா, காரண விளக்கம் வந்ததா. கட்டணம் தாமதமானால் மேல்முறையீடே தாக்கலாகவில்லை என்று கொள்ள வேண்டும் என்று விரிவாக்கப்பட்ட வாரியம் 2019-ல் ஜி 1/18 என்ற முடிவில் உறுதிசெய்தது. ‘தாக்கலாகவில்லை’ என்றால் கட்டிய பணமாவது திரும்பி வரும். ‘ஏற்கத்தக்கதல்ல’ என்றால் அதுவும் வராது. கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடக் கூடாது.

வேம்பு வழக்கின் மிக முக்கியமான பாடம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. அதைப் பத்திரிகைகள் கவனிக்கவே இல்லை. ஐரோப்பாவில் மேல்முறையீடு தாக்கலானால் கீழ் முடிவு தானாக நிறுத்திவைக்கப்படும். நம் ஊரில் போல இடைக்காலத் தடைக்குத் தனி மனு, அதற்கொரு வாய்தா என்பதெல்லாம் இல்லை. அப்படியானால் 2000 மே மாதம் நாம் இனிப்பு வழங்கிக் கொண்டாடியபோது காப்புரிமை செத்துவிட்டதா? இல்லை. 2005 மார்ச் 8 அன்று மேல்முறையீடு தள்ளுபடியாகும் வரை சட்டத்தின் பார்வையில் அது உயிரோடுதான் இருந்தது.

உடனே ஒரு பெண் கேட்டாள்: “அப்ப அந்த அஞ்சு வருஷமும் புதுப்பிப்புக் கட்டணம் யார் கட்டினது?” இப்படி ஒரு கேள்வியை ஒரு சீனியர் வக்கீல் கேட்டிருந்தால்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். அந்தக் காலத்தில், காப்புரிமை வழங்கிய பிறகு ஆண்டுக் கட்டணம் மியூனிக்குக்குப் போகவில்லை. எந்தெந்த நாட்டில் உரிமை நடைமுறையில் இருந்ததோ அந்தந்த நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மேல்முறையீட்டில் ஜெயித்து வந்தால் கையில் உரிமை இருக்க வேண்டுமென்றால், ரத்தாகிப்போன காப்புரிமைக்கும் நாடு நாடாகக் கட்டணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ‘ரத்து’ என்ற சொல்லைப் பார்த்ததும் குமாஸ்தா டைரியிலிருந்து அந்தக் கோப்பை நீக்கிவிட்டால், வக்கீல் ஜெயித்துத் திரும்பும்போது காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. 1990 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமைக்கு 2010 வரைதான் ஆயுள். அதில் ஏறக்குறைய பாதி, 1995 முதல் 2005 வரை, எதிர்ப்பிலும் மேல்முறையீட்டிலும் கழிந்தது. அத்தனை காலமும் அந்தத் தரப்பின் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா தேதிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

குமாஸ்தா தவறினால் என்ன ஆகும் என்ற பயம் வகுப்பில் எல்லாருக்கும் இருந்தது. பதிலுக்கு 1981-ஆம் ஆண்டு முடிவு ஒன்றைச் சொன்னேன். ஜே 5/80. கெடு தவறியது உதவியாளரால் என்றால், உதவியாளரிடம் வக்கீலுக்குரிய அளவு கவனத்தை எதிர்பார்க்க முடியாது என்று வாரியம் சொன்னது. ஆனால் அந்தச் சலுகை வேண்டுமானால் வக்கீல் மூன்றைக் காட்ட வேண்டும்: வேலைக்குத் தகுந்த ஆளை எடுத்தார், சரியாகப் பயிற்சி கொடுத்தார், நியாயமான அளவுக்கு மேற்பார்வை செய்தார். அதாவது உங்களுக்கு நான் நடத்தும் இந்த வகுப்பின் வருகைப் பதிவேடே ஒரு நாள் உங்கள் வக்கீலைக் காப்பாற்றும் சான்றாகலாம் என்றேன். சிரித்தார்கள், ஆனால் அன்றிலிருந்து பதிவேட்டில் கையெழுத்து ஒழுங்காக விழுந்தது.

இந்திய வக்கீல்களுக்கு இந்த இடத்தில்தான் மூச்சு முட்டும். நமக்குக் காலவரம்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இருக்கிறது. 1987-ல் கத்திஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், தாமதத்தைத் தாராள மனதோடு பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது; அன்று முதல் தாமத மன்னிப்பு மனு எழுதுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் தாராளம் ஏழைக் கட்சிக்காரருக்கு நல்லது, எனக்கும் பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் அதில் பழகிய கையை ஐரோப்பியக் கோப்பில் வைத்தால் ஆபத்து. அங்கே தவறிய கெடுவை மீட்கும் மனு போடுவதற்கே, தடை நீங்கியதிலிருந்து இரண்டு மாதம், எப்படியானாலும் தவறிய கெடுவிலிருந்து ஒரு வருடம் என்று தனிக் கெடு இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்திலும் வழங்கிய பிறகான எதிர்ப்புக்கு ஒரு வருடம் உண்டு. மேல்முறையீடு முன்பு சென்னையில் தலைமையிடம் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2021-ல் அது கலைக்கப்பட்ட பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. இரண்டு பக்கக் கோப்பும் ஒரே மேசையில் இருக்கும் பெண்களுக்கு இரண்டு நிறத்தில் டைரி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பத்து நாள் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய அலுவலகம் அனுப்பும் கடிதம், அதில் உள்ள தேதியிலிருந்து பத்தாம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும் என்று நெடுங்காலமாக ஒரு விதி இருந்தது. மின்னஞ்சல் காலத்தில் அது வெறும் இனாம். 2023 நவம்பர் 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கடிதத்தின் தேதியே கிடைத்த தேதி. கடிதம் ஏழு நாளுக்கு மேல் தாமதமாக வந்தால், ஏழுக்கு மேற்பட்ட நாட்கள் மட்டும் கெடுவில் கூட்டிக் கிடைக்கும். பழைய கணக்கில் ஊறிய அனுபவசாலிகள்தான் இதில் தடுமாறுகிறார்கள். எங்கள் பெண்களுக்குப் பழைய கணக்கு தெரியாது. அது அவர்களுக்குச் சாதகமாகப் போயிற்று.

வகுப்பு முடிகிற நேரத்தில் ஒரு கேள்வி வந்தது. 2005-ல் தோற்றவர்கள் அதற்கு மேல் எங்கே போனார்கள்? உச்ச நீதிமன்றம் மாதிரி ஒன்று இருக்குமே என்று கேட்டார்கள். எங்கும் போக முடியவில்லை. மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவே இறுதி. விசாரணை முறையிலேயே அடிப்படைப் பிழை நேர்ந்தால் விரிவாக்கப்பட்ட வாரியத்திடம் மறுபரிசீலனை கேட்கும் வழி 2007 டிசம்பர் 13-ல் திருத்திய ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோதுதான் பிறந்தது. அதற்கும் இரண்டு மாதக் கெடுதான். அதிலும் நடைமுறைப் பிழையை விசாரணையின்போதே எதிர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த எதிர்ப்பு நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும். குறிப்பில் ஏறியதா என்று சரிபார்ப்பது யார் வேலை என்று நான் கேட்கவில்லை. அவர்களே தங்கள் பட்டியலில் ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டார்கள்.